கோயில் வந்தா எழுப்புங்க

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சார். சைக்கிள்கூடப் பள்ளி நாட்களில் ஒரு கோடை விடுமுறையில் பழகிப் பார்த்துவிட்டு, முட்டி பெயர்ந்ததும் விட்டுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் முனிராஜின் வக்கீல். அப்பீலுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது என்னிடம் இருக்கும் என்றுதான் மல்லேஸ்வரத்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னீர்கள். நீங்கள் கேட்டது நேரான கேள்வி: அன்று காலை அவன் வண்டியில் தூங்கினானா? தூங்கினான். கீழ்க் கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னேன். அத்தோடு எழுந்து போயிருப்பேன். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவசரமில்லம்மா, நிதானமா சொல்லுங்க" என்றீர்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டு வரைக்கும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். பட்டம் வாங்கிய கையோடு இங்கே வந்து, ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்தேன். விடிந்த பிறகு ஆபீஸ் வண்டியில் வீடு. அங்கே வேலை செய்த எல்லோருக்குமே வயது இருபதும் சில்லறையும்தான். தூக்கம் என்பது எங்களுக்குள் கேலிக்குரிய சங்கதி. கொட்டாவி விட்டால் "தாத்தா, போய்ப் படுங்க" என்பார்கள். பைக்கில் வீடு போகிற பையன்கள் காலையில் கேன்டீனில் உட்கார்ந்து, யார் எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று பெருமை பேசுவார்கள். "வண்டிக்கு வழி தெரியும் மச்சா, நான் சும்மா மேல உக்காந்திருந்தேன்" என்று ஒருவன் சொன்னதற்கு நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். படுக்கப் போகும்முன் அன்றைக்கு யாருக்காவது ஒரு நல்லது செய்திருக்க வேண்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். பஸ்ஸில் இடம் கொடுத்தால் போதும், பூக்காரியின் குழந்தையைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். சாமிக்குப் பெரிய பெரிய காணிக்கை எல்லாம் என்னால் முடியாது. இதுதான் என்னால் முடிந்தது. இந்த ஊரில் இப்படிப்பட்ட வேலை பார்க்கிறவளுக்கு, பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவளுக்கு, நல்லது செய்ய ஆள் கிடைப்பதே கஷ்டம். எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி சந்திரம்மா. இன்னொருவன் முனிராஜ்.

சந்திரம்மா பீன்யாவில் ரோடு பெருக்குகிறவள். தொழிற்பேட்டைக்குள்ளே நீளமாக ஒரு நேர் ரோடு போகும், இரண்டு பக்கமும் ஃபேக்டரி மதில். காலை ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும்வரை அங்கே ஈ காக்கா இருக்காது. அந்த ரோடு முடிகிற முச்சந்திக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் அரச மரத்தடியில் ஒரு முனேஸ்வரன் கோயில். லாரிக்காரர்களும் டிரைவர்களும் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிடுகிற சாமி. சந்திரம்மா தினமும் அந்தக் கோயில் வாசலில்தான் துடைப்பத்தோடு நிற்பாள். ஆபீஸில் ராத்திரி கொடுக்கிற தின்பண்டப் பொட்டலத்தை நான் பிரிக்காமல் வைத்திருந்து, போகும்போது ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டுவேன். எங்கள் வண்டியைத் தூரத்தில் பார்த்ததும் துடைப்பத்தை மதிலில் சாய்த்துவிட்டு ரோட்டில் இறங்கி நின்றுகொள்வாள்.

"ஏன் தாயி, இன்னிக்கு கேக்கா, பன்னா?" என்பாள்.

"பிரிச்சுப் பாருங்கம்மா."

"பன்னுன்னா உனக்கே திருப்பிக் குடுத்துடுவேன் பாத்துக்கோ. பல்லு இல்ல எனக்கு."

ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. முட்டி வலி என்று மட்டும் அடிக்கடி சொல்வாள். அவளுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி தினமும் வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

முனிராஜ் எங்கள் வண்டி டிரைவர். ஜீவனஹள்ளிப் பையன். மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தமிழர்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் சின்னவன். முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ராத்திரி எங்களுக்கு வண்டி ஓட்டிவிட்டு, பகலில் பீன்யாவில் ஒரு ஃபேக்டரி ஆபீஸர்களுக்கும் ஓட்டுவான். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்போது தூங்குவாய் என்று கேட்டால், "ஞாயித்துக்கெழம மொத்தமா ஹோல்சேலா தூங்கிடுவேங்க்கா" என்பான்.

ஆபீஸில் ஒரு விதி இருந்தது. முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது, டிரைவரிடம் பேசிக்கொண்டே வர வேண்டும். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே அதை ஒட்டியிருந்தார்கள். ஒருவரும் மதித்ததில்லை. ஏறியதும் முன் சீட்டுக்காரர்தான் முதலில் குறட்டை விடுவார். நான் கேட்டு வாங்கி அந்த முன் சீட்டில் உட்கார்ந்தேன். எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியில் மல்லேஸ்வரத்தில் அனுஷாவையும் இறக்கிவிட்ட பிறகு, நானும் முனிராஜும் மட்டும்தான் பீன்யா வழியாகப் போவோம். பெண்கள் வண்டியில் காவலாள் வைக்கிற வழக்கம் அப்போது வரவில்லை. நான் அவனோடு பேசிக்கொண்டே போவேன். அவன் தூங்கக் கூடாது என்பது என் பொறுப்பு. அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒருநாள் அந்த நேர் ரோட்டில் பாக்குப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்க முடியாமல், "அக்கா, ஒரு செகண்டு ஸ்டியரிங் புடிங்க, சும்னே, சும்மா புடிச்சா போதும்" என்றான். பிடித்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. வண்டி பாட்டுக்கு நேராகப் போனது. இன்னொரு நாள் அவன் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வதற்காகப் பிடித்தேன். பிறகு ஒருநாள் அவன் கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன. அவனாகக் கேட்கவில்லை, சார். நான்தான் சொன்னேன்: "கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோப்பா. ரோடு நேராத்தான் போகுது. நான் புடிச்சிக்கிறேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "லைசென்ஸ் இருக்குதாக்கா?"

"உன்கிட்ட இருக்குதில்ல. அது போதும்."

"செரி. காலு என்னுது, கையி உங்க்ளுது. கோயில் வந்தா எழுப்புங்க."

ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தபடியே பின்னால் சாய்ந்தான். வண்டி மெதுவாகத்தான் போனது, ஒரு மாட்டு வண்டியைக் கொஞ்சம் முந்துகிற வேகம். நான் இடது சீட்டிலிருந்து சாய்ந்து, வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் "முனிராஜ்" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், விழித்துக்கொள்வான். ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, கோயில் வாசலில் நிறுத்துவான். நான் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சந்திரம்மாவுக்குப் பொட்டலத்தைக் கொடுப்பேன். ஒரே இடத்தில் என் அன்றைய நல்லது எல்லாம் முடிந்துவிடும்.

"அக்கா, அந்த அஞ்சு நிமிஷத் தூக்கம் இருக்குதே, சக்கத்தா இருக்குது. வீட்ல படுத்தாகூட அப்டி வரமாட்டேங்குது" என்று அவன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. யாரும் அவனுக்குக் கொடுக்காத ஒன்றை நான் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு தினமும் அப்படியே ஆகிவிட்டது. மறைக்க வேண்டாம் என்பதால் சொல்கிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு பெரிய வண்டி என் கைக்குள் அடங்கிப் போகிறது, பக்கத்தில் ஒருவன் என்னை நம்பித் தூங்குகிறான். ராத்திரி முழுக்க வெள்ளைக்காரர்களிடம் திட்டு வாங்கிவிட்டு வருகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. அவன் நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிவாக வருகிற நாட்களில் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். அப்படிப்பட்ட நாட்களிலும், "பரவால்ல, கொஞ்சம் கண்ண மூடிக்கோ" என்பேன். அவன் மறுக்க மாட்டான்.

அந்தச் சமயத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் முனிராஜ், "பகல் டூட்டிய உட்டுடலாம்னு பாக்கறேங்க்கா. தல கிர்ருங்குது. நேத்து வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ளயே தூங்கிட்டேன், அம்மா வந்து கதவத் தட்டுனாங்க" என்றான். விட்டிருந்தால் அவன் வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பான். என்னோடு வரும்போது தூக்கம் வந்திருக்காது. "தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் ஓட்டுப்பா. காலையிலதான் நான் இருக்கேனே" என்றேன். அவனும், "அதும் கரீட்டுதான். நீங்க இருக்கீங்களே" என்றான். பகல் டூட்டியை விடவில்லை.

இன்னொன்று, அனுஷா. அவள் ஒருநாள் பின் சீட்டில் விழித்திருக்கும்போது முனிராஜின் தலை தொங்கியதைப் பார்த்துவிட்டாள். எனக்குப் போல அவளுக்கு அவனோடு பழக்கமில்லை. டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் இருந்த பாலகுமாரிடம் புகார் சொல்லிவிட்டாள். பாலகுமார் என்னைக் கூப்பிட்டார்.

"முன் சீட்ல நீதான உக்கார்ற? தூங்கறானா, இல்லையா?"

"இல்ல சார். நான் பேசிட்டே வர்றேன். நல்லா முழிச்சித்தான் ஓட்டறான்."

"பாரும்மா, நீ தூங்கறான்னு சொன்னா ஒரு வாரம் ரெஸ்ட் குடுத்து அனுப்பிடுவேன். அவனுக்கும் நல்லது. சொல்லு."

நல்லது என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு எது நல்லது என்று எனக்கு அல்லவா தெரியும். "தூங்கலை சார்" என்றேன். அன்று வண்டியில் அனுஷாவிடமும் பேசினேன். "ஏழைப் பையன் வயித்துல அடிக்காத அனுஷா. அவன் தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "சாரிக்கா. நான் ஏதோ பயத்துல சொல்லிட்டேன்" என்றாள். அவள் நல்ல பெண். இரண்டு நாள் கழித்து அவளே முனிராஜுக்கு ஒரு சாக்லெட் வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு வண்டியில் எல்லோருக்கும் மனசு லேசாக இருந்தது.

இனி அன்றைய காலை.

அதற்கு முந்தின நாள் அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். பந்தி பரிமாறிவிட்டு, பாத்திரங்களை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே டூட்டிக்கு வந்திருந்தான். எனக்கென்று ஒரு டப்பாவில் லட்டு கொண்டுவந்திருந்தான். "மாப்ள பார்ட்டி ஒரே பேஜாருக்கா. பந்தல் சின்னதா இருக்குது, ஃபேன் சத்தம் போடுதுன்னு. நம்ம தங்கச்சி மொகத்தப் பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அனுஷா இறங்கும்போது, "அண்ணா, பத்திரம்" என்றாள். விடிந்து வெளிச்சமாகத்தான் இருந்தது. நேர் ரோட்டுக்குள் நுழைந்ததும் அவனாகவே ஸ்டியரிங்கை என் பக்கம் விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான். "கோயில் வந்தா" என்று மட்டும் சொன்னான். மிச்சத்தைச் சொல்வதற்குள் தூங்கிவிட்டான்.

கோயில் வந்தது. நான் எழுப்பவில்லை.

வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் நிச்சயதார்த்தத்துச் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஓர் அமைதியான முகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன். கோயிலைத் தாண்டி முச்சந்தி வரைக்கும் ரோடு நேர்தானே, அங்கே எழுப்பிக்கொள்ளலாம். பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மெதுவாகப் போகிற வண்டி, நிற்காமலே ஜன்னல் வழியாக நீட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சந்திரம்மாவைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ரோட்டில் இறங்கினாள். நாங்கள் நிற்போம் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ மாதமாக நின்றிருக்கிறோம். கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சிரித்தாள் என்றுகூட நினைக்கிறேன்.

அப்போது கோயில் எனக்கு நேராக வந்தது.

நான் அந்தக் கோயிலை ஒருநாளும் கும்பிடாமல் தாண்டியதில்லை, சார். காய்ச்சலோடு போன நாளில்கூட. இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினேன். தினமும் முனிராஜ் விழித்திருப்பான், அதனால் கையை எடுக்கலாம். அன்று விழித்திருக்கவில்லை என்பது எனக்கு மறந்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். மறக்கவில்லை. ஒரு நொடிதானே, சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவர் வாசலில், அவரைக் கும்பிடுவதற்காகத்தானே கையை எடுக்கிறேன் என்று தோன்றியது. நான் வேண்டிக்கொள்ளும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் வேண்டிக்கொள்வேன். அம்மா, தம்பி, முனிராஜ், அவன் தங்கை. அன்றைக்குத் தங்கையைப் புதிதாகச் சேர்த்திருந்தேன், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது. சந்திரம்மாவின் முட்டி வலி என்று நினைக்கும்போது சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் இல்லை.

முனிராஜ் அலறிக்கொண்டு விழித்து, பிரேக்கை மிதித்தான். வண்டி மதிலில் உரசி நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான். என் கை இரண்டும் அதற்குள் மடிக்கு வந்திருந்தன. அவன் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அக்கா, இன்னாச்சு? தூக்கத்துல நான் புடிச்சி இழுத்துட்டனா?"

நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. அவனாகத்தான் அப்படிக் கேட்டான். அந்த நிலைமையில் ஒருவனை மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. "ஆமாம்ப்பா" என்றேன்.

அவன் இறங்கி ஓடினான். சந்திரம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "தாயி, தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஷிஃப்டுக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். முதலில் ஒருவன் அடித்தான், பிறகு நிறையப் பேர் அடித்தார்கள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்பிள்ளை பயந்துபோயிருக்கிறது என்று அரச மரத்தடியில் உட்கார வைத்து, ஒருவர் தண்ணீர் கொடுத்தார். முகம் தெரியாத மனுஷர். அந்த நேரத்திலும் இப்படிச் செய்ய ஆள் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

ஸ்டேஷனில் முனிராஜ் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினான். உதடு கிழிந்திருந்தது. "அக்கா, நீங்க ஸ்டியரிங் புடிச்சத யார்கிட்டயும் சொல்லவேணா. பொண்ணு புள்ள, பேரு கெட்டுடும், ஆயிரம் பேசுவாங்க. நான் தூங்கினேன், அடிச்சிட்டேன். அவ்ளோதான். நீங்களும் அப்டியே சொல்லிடுங்க" என்றான். அது அவன் எனக்குச் செய்த நல்லது. ஒருவர் மனசார ஒரு நல்லது செய்யும்போது அதைத் தட்டிவிடக் கூடாது. அவன் சொன்னபடியே சொன்னேன்.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டார்: டிரைவர் தூங்கினாரா? தூங்கினார். நீங்கள் எழுப்பிப் பார்த்தீர்களா? கூப்பிட்டுப் பார்த்தேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். சொல்லும்போது முனிராஜைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், நான் கூப்பிட்டது உண்மைதான், தனக்குத்தான் கேட்கவில்லை என்பது போல. இரண்டு வருஷம் என்று தீர்ப்பானது. தங்கையின் கல்யாணம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இந்தமுறை பந்தலைக் குறை சொல்லவில்லை.

நான் சும்மா இருந்துவிடவில்லை, சார். செத்துப்போன சந்திரம்மாவுக்கு ஒரே மகள், காந்தா. பாலகுமாரிடம் சொல்லி எங்கள் ஆபீஸ் கேன்டீனிலேயே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். ராத்திரியில் எனக்கு டீ கொண்டுவந்து வைப்பவள் அவள்தான். "எங்க அம்மா உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருக்கும்க்கா. அந்தக் கேக்கு அக்கா, அந்தக் கேக்கு அக்கான்னு" என்று சொல்வாள். ஒரு தீபாவளிக்கு என் காலில் விழுந்தாள். எழுப்பிவிட்டேன்.

ஆபீஸில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கும் டிரைவர்களுக்கும் தூக்கத்தைப் பற்றி இப்போது நான்தான் பேசுகிறேன். விபத்தை நேரில் பார்த்தவள் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டியவர்கள் கையைத் தூக்குங்கள் என்பேன். எல்லாக் கையும் சிரிப்போடு மேலே போகும். எங்கள் காலம் மாதிரியேதான். சந்திரம்மாவின் கதையைச் சொல்லி முடிக்கும்போது ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. போன மாதம் ஒரு பையன் வந்து, "மேடம், நேத்து தூக்கம் வந்துச்சு, பைக்க ஓரமா நிறுத்திட்டு ஒரு மணி நேரம் தூங்கிட்டுப் போனேன்" என்றான். அவன் உயிரோடு இருக்கிறான். இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? இப்போது உங்களிடம் சொன்னதை நான் கோர்ட்டில் ஏறிச் சொன்னால் அந்தப் பேச்சை யார் கேட்பார்கள்? காந்தாவின் முகத்தில் யார் முழிப்பது? நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கோர்ட்டில் இதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னால் மறுத்துவிடுவேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

முனிராஜையும் நான் கைவிடவில்லை. முடிகிறபோதெல்லாம் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவன் அம்மாகூட அத்தனை முறை போவதில்லை. பிஸ்கட், சோப்பு, முனேஸ்வரன் கோயில் விபூதி எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆள் பாதியாகிவிட்டான். ஒருமுறை இரண்டு மணிக்கட்டிலும் தோல் உரிந்து புண்ணாகி இருந்தது. என்னப்பா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான். ராத்திரி படுக்கும்போது பக்கத்தில் படுப்பவனிடம் சொல்லி இரண்டு கையையும் துண்டால் கட்டிக்கொள்கிறானாம். "தூக்கத்துல என் கைய நம்ப முடியாதுக்கா. இம்மாம் பேரு பக்கத்துல படுத்திருக்காங்க. எதயாச்சும் புடிச்சி இழுத்துட்டன்னா?" என்றான். கட்டாத ராத்திரிகளில் உட்கார்ந்தே விடிய விடிய விழித்திருக்கிறானாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முரட்டுத் துண்டு, அதுதான் உரசுகிறது. அடுத்த முறை போகும்போது மெல்லிய மல் துணியில் ஒன்று வாங்கி, ஓரம் மடித்துத் தைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றான்.

போன வாரம் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. அந்தத் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தால் கொஞ்சம் கண்ணயர முடிகிறது என்றான். அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், சார். நான் சொன்னது எதையும் அவனிடம் போய்ச் சொல்லாதீர்கள். இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறான். பாவம், தூங்கட்டும்.